மருந்து யாருக்குக் கேட்கும்?

குடும்பத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் வந்துவிட்டால், சில மாதங்களில் வீட்டில் எல்லோரும் அரை மருத்துவர் ஆகிவிடுகிறார்கள். எந்த ஸ்டேஜ், எந்த மருந்து, எத்தனை சைக்கிள் என்பதெல்லாம் தலைகீழ்ப் பாடம். அப்போது யாரும் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்று உண்டு. பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் அதே பெருங்குடல் புற்றுநோய், அதே நான்காம் நிலை, ஏறுவதும் அதே மருந்து. அவருக்குக் கேட்கிறது. நம்மவருக்கு ஏன் கேட்கவில்லை?

“அது உடம்புவாகு” என்பது வழக்கமான பதில். தவறில்லை, ஆனால் அதைக் கொண்டு எதையும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. கீமோதெரபியில் இந்த வேறுபாடு கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும்: பலருக்குக் கட்டி ஓரளவு சுருங்கும், பிறகு வளரும். இம்யூனோதெரபி என்று மருத்துவமனைகளில் சொல்லப்படும் நோயெதிர்ப்புச் சிகிச்சையில்தான் அது பளிச்சென்று தெரிகிறது. சிலருக்குக் கட்டி முற்றாக மறைந்து வருடக்கணக்கில் திரும்பாது. பலருக்கு ஊசி போட்டதற்கான அறிகுறியே இருக்காது.

இந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதிலேயே பதிலின் பாதி இருக்கிறது. நம் ரத்தத்தில் உலவும் டி செல்கள், நோயுற்ற செல்லைத் தொட்டறிந்து கொல்லக்கூடியவை. அவற்றின் மேற்பரப்பில் பிடி-1 என்றொரு புரதம் உண்டு. எதிரே உள்ள செல் அதற்கு இணையான பிடி-எல்1 புரதத்தை நீட்டினால் டி செல் வேலையை நிறுத்திவிடும். சொந்த உடம்பையே தாக்கிவிடாமல் இருக்க இயற்கை வைத்த தடை இது. புற்றுச்செல்கள் இதே தடையைத் தமக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொள்கின்றன. கியோட்டோவில் தாசுகு ஹோஞ்சோவின் குழு பிடி-1 மரபணுவை 1992இல் கண்டறிந்தது. இன்னொரு தடையை ஆராய்ந்த ஜேம்ஸ் அலிசனுடன் சேர்த்து 2018இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற மருந்துகள் பிடி-1ஐ மூடிவிடுகின்றன. டி செல் மறுபடி வேலைக்கு வருகிறது.

ஆக, இந்த மருந்து புற்றுச்செல்லைத் தொடுவதே இல்லை. அது போய்ச் சேருவது டி செல்லிடம். கட்டிக்குள் டி செல்லே இல்லை என்றால், விடுவிக்க ஆள் இல்லாத இடத்தில் விடுதலை உத்தரவு வந்து பயனில்லை.

33 பேரில் ஒருவர்

நிவோலுமாப் முதன்முதலில் மனிதர்களிடம் சோதிக்கப்பட்டபோது தோல், நுரையீரல், சிறுநீரகப் புற்றுகளில் கணிசமானோருக்குக் கட்டி சுருங்கியது. பெருங்குடல் புற்றில் கதை வேறு. ஆரம்பகாலச் சோதனைகளில் 33 பேருக்குக் கொடுத்ததில் ஒரே ஒருவருக்குத்தான் கேட்டது. இப்படி ஒரு முடிவு வந்தால், ‘குடல் புற்றுக்கு இது உதவாது’ என்று குறித்துவிட்டு அடுத்த உறுப்புக்குப் போவதுதான் வழக்கம்.

பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் அந்த ஒருவரை விடவில்லை. 32 பேருக்கு இல்லாதது இவருக்கு என்ன இருந்தது? அவருடைய கட்டியில், டி.என்.ஏ. நகலெடுக்கும்போது நேரும் பிழைகளைத் திருத்தும் புரதங்கள் பழுதாகியிருந்தன. அந்தப் புரதங்களை இந்த அத்தியாயத்தில் பிழைதிருத்திகள் என்று அழைப்போம்.

ஒருவரை வைத்து எதையும் நிறுவ முடியாது. எனவே டங் லே, லூயிஸ் டியாஸ் ஆகியோரின் குழு பெம்ப்ரோலிசுமாப் மருந்தைக் கொண்டு சிறிய சோதனை ஒன்றை நடத்தி 2015இல் வெளியிட்டது. பிழைதிருத்தி பழுதான பெருங்குடல் புற்றாளர் 10 பேரில் 4 பேருக்குக் கட்டி சுருங்கியது. பிழைதிருத்தி நன்றாக இருந்த 18 பேரில் ஒருவருக்குக்கூட இல்லை. ஒரே உறுப்பு, ஒரே மருந்து, இரண்டு வேறு நோய்கள் என்று சொல்லத்தக்க வேறுபாடு. 2017 மே மாதம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, எந்த உறுப்பில் இருந்தாலும் சரி, பிழைதிருத்தி பழுதான முற்றிய கட்டிகளுக்கு இந்த மருந்தைக் கொடுக்கலாம் என்று அனுமதித்தது. உறுப்பின் பெயரைக் கேட்காமல் ஒரு புற்றுநோய் மருந்துக்கு அங்கே அனுமதி கிடைத்தது அதுவே முதல் தடவை.

திருத்தத் தெரியாத கட்டி, மற்றக் கட்டிகளைவிட ஆபத்தானதாக அல்லவா இருக்க வேண்டும்? அதற்கு ஏன் மருந்து கேட்கிறது?

எழுத்து நழுவும் இடம்

ஒரு செல் இரண்டாகப் பிரியும் ஒவ்வொரு முறையும் சுமார் 600 கோடி எழுத்துகளை நகலெடுக்கிறது. எழுத்துகள் நான்கே: ஏ, சி, ஜி, டி. ஒரே எழுத்து வரிசையாகத் திரும்பத் திரும்ப வரும் இடங்களில் நகலெடுக்கும் நொதி அடிக்கடி தடுமாறும். பத்து ஏ வரவேண்டிய இடத்தில் ஒன்பது போட்டுவிட்டு நகர்ந்துவிடும். இப்படிப்பட்ட இடங்களைக் குறுந்தொடர்கள் என்போம். பிழைதிருத்திகள் இருந்தால் நழுவியது உடனே சரிசெய்யப்படும். இல்லாவிட்டால் பிழை அப்படியே அடுத்த தலைமுறைச் செல்களுக்குப் போகும். ஆய்வக அறிக்கையில் ‘எம்.எஸ்.ஐ.-ஹை’ என்று வருவது, கட்டி முழுக்கக் குறுந்தொடர்கள் நழுவிக் கிடக்கின்றன என்பதைத்தான் சொல்கிறது.

ஓரெழுத்து போனால் என்ன பெரிய நட்டம்? செல் தன் மரபணுவை மும்மூன்று எழுத்தாகப் படிக்கிறது என்பதுதான் விஷயம். மூன்றெழுத்துச் சொற்களால் மட்டுமே ஆன ஒரு தொடரை எடுத்துக்கொள்வோம்:

குமார் தந்த நல்ல பழம்

இதில் ஓர் எழுத்து மாறுகிறது என்று வையுங்கள். ‘பழம்’ என்பதில் ழ போய் ண வந்தால் ‘குமார் தந்த நல்ல பணம்’. பொருள் மாறிவிட்டது, ஆனாலும் தமிழ்தான். அவசரமாகப் படிப்பவர் கவனிக்காமலேகூடப் போகலாம். இப்போது மாற்றாமல், இரண்டாம் எழுத்தான ‘மா’வை நீக்கிவிட்டு, முன்போலவே மும்மூன்றாகப் படியுங்கள்:

குர்த ந்தந ல்லப ழம்

நீக்கிய இடத்துக்குப் பின்னால் ஒரு சொல்கூடத் தேறவில்லை. மரபணுவிலும் இதேதான் நடக்கிறது. நழுவல் நேர்ந்த இடம் வரை புரதம் சரியாக இருக்கும். அதன் பிறகு, அந்த உடம்பு பிறந்தது முதல் ஒருநாளும் உற்பத்தி செய்திராத வால் ஒன்று தொங்கும். செல்கள் தாம் தயாரிக்கும் புரதங்களின் சிறு துண்டுகளை மேற்பரப்பில் எடுத்துக் காட்டுவது வழக்கம். டி செல்கள் பார்ப்பது அவற்றைத்தான். ஓர் எழுத்து மாறிய துண்டு சொந்தத் துண்டைப் போலவே இருப்பதால் பெரும்பாலும் தப்பிவிடும். நழுவலால் பிறந்த வால் தப்புவது கடினம்.

உண்மையான ஓர் உதாரணம்: டிஜிஎஃப்பிஆர்2 என்ற மரபணுவில் பத்து ஏ எழுத்துகள் அடுத்தடுத்து வருகின்றன. பிழைதிருத்தி பழுதான குடல் புற்றுகளில் பெரும்பாலானவற்றில் அந்த இடம் நழுவியிருக்கிறது. இந்த மரபணுவின் பெயரை நினைவில் வையுங்கள், சற்று நேரத்தில் மறுபடி வரும்.

2015 ஆய்விலேயே எண்ணிப் பார்த்தார்கள். பிழைதிருத்தி பழுதான கட்டிகளில் சராசரியாக 1,782 மரபணுப் பிழைகள். மற்றவற்றில் 73. இத்தனை அந்நியத் துண்டுகளைக் காட்டிக்கொண்டு நிற்கும் கட்டியை டி செல்கள் கண்டுகொள்ளாமல் இருக்க முடியாது. அவை ஏற்கெனவே உள்ளே வந்து குவிந்திருக்கின்றன, கட்டி பிடி-எல்1ஐ நீட்டி அவற்றை அமர்த்தி வைத்திருக்கிறது. மருந்துக்கு மிச்சமிருப்பது அந்தத் தடையை எடுக்கும் வேலை மட்டும்.

இந்தப் பழுது சில குடும்பங்களில் பரம்பரையாக வருகிறது. 1895இல் மிச்சிகனின் ஆன் ஆர்பர் நகரில், தையல் வேலை செய்த ஒரு பெண் நோயியலாளர் ஆல்ட்ரெட் வார்தினிடம், தன் குடும்பத்தில் எல்லோரும் குடலிலோ கருப்பையிலோ புற்று வந்தே சாகிறார்கள், தானும் அப்படித்தான் சாவேன் என்று சொன்னார். சொன்னபடியே ஆயிற்று. வார்தின் அந்தக் குடும்பத்தின் வம்சாவளியைத் தொகுத்து 1913இல் வெளியிட்டார். ஆனால் பழுதுக்குக் காரணமான மரபணுக்கள் பிடிபட 1993 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று இதற்கு, பின்னர் இதை விரிவாக ஆராய்ந்த ஹென்றி லிஞ்சின் பெயர். ஒன்றைச் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்: பிழைதிருத்தி பழுதான குடல் புற்றுகளில் பெரும்பாலானவை பரம்பரையானவை அல்ல. வயதான காலத்தில் கட்டிக்குள் மட்டும் ஒரு பிழைதிருத்தி மரபணு முடங்கிப்போவதால் வருபவை.

கட்டி என்பது புற்றுச்செல்கள் மட்டுமா?

இதுவரை சொன்னதை வைத்து, புற்றுச்செல்லின் மரபணுவைப் படித்துவிட்டால் போதும், மருந்து கேட்குமா என்று சொல்லிவிடலாம் என்று தோன்றும். சிக்கல் என்னவென்றால், நான்காம் நிலைப் பெருங்குடல் புற்றில் பிழைதிருத்தி பழுதானவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பேர்தான். மிச்சம் 95 பேரை ஒரே மூட்டையாகக் கட்டி ஓரமாக வைத்துவிட முடியுமா?

சதைப் பரிசோதனைக்கு எடுத்த துண்டை நுண்ணோக்கியில் பார்த்தால் புற்றுச்செல்கள் தனியாக இருப்பதில்லை. நாரை உற்பத்தி செய்யும் நார்ச்செல்கள், கோணல்மாணலாக வளர்ந்த ரத்தக் குழாய்கள், குப்பை விழுங்கும் மேக்ரோபேஜ்கள், பலவகை டி செல்கள், இவற்றுக்கிடையே பரவும் வேதிச் செய்திகள் எல்லாம் உண்டு. புற்றுச்செல்லைத் தவிர்த்த இந்த முழு ஏற்பாட்டையும் கட்டிச்சூழல் என்கிறோம். சில உறுப்புகளில் கட்டியின் பருமனில் பெரும்பகுதி இதுதான், புற்றுச்செல்கள் சிறுபான்மை.

இந்தச் சூழலை வகைப்படுத்தப் பல முறைகள் வந்துவிட்டன, ஆண்டுக்கு ஆண்டு பட்டியல் நீள்கிறது. அவற்றில் பெரும்பாலானவற்றை நான் இங்கே தொடப்போவதில்லை. கணினியிடம் ஆயிரக்கணக்கான மாதிரிகளைக் கொடுத்து, எத்தனை வகையாகப் பிரி என்றால் அது ஏதோ ஒரு எண்ணிக்கையில் பிரித்துத்தான் தரும். அதில் எது படுக்கையருகே உதவும் என்பது வேறு கேள்வி. நிலைத்து நின்ற ஒரு பிரிவு மிக எளிமையானது. டேனியல் சென், அய்ரா மெல்மன் இருவரும் 2017இல் விளக்கமாக எழுதியது. டி செல்கள் எங்கே நிற்கின்றன என்ற ஒரே கேள்வியை அது கேட்கிறது.

புற்றுச்செல்களுக்கு நடுவிலேயே டி செல்கள் குவிந்து நின்றால் அது நிறைகட்டி. கட்டியின் ஓரம்வரை வந்து, நார்த்திசுவில் சிக்கி, புற்றுச்செல்களைத் தொட முடியாமல் நின்றால் விளிம்புக்கட்டி. உள்ளேயும் இல்லை, ஓரத்திலும் இல்லை என்றால் வெறுங்கட்டி. மூன்றிலும் மருந்து கேட்காமல் போகலாம், ஆனால் காரணம் மூன்றிலும் வேறு. நிறைகட்டியில் தடையை எடுத்தால் போதும். விளிம்புக்கட்டியில் முதலில் வழி வேண்டும். வெறுங்கட்டியில் டி செல்களையே புதிதாக உண்டாக்க வேண்டும்.

பாரிஸில் எண்ணியது

டி செல்கள் நிற்குமிடம் முக்கியம் என்பதை எண்களால் காட்டியது பாரிஸ் குழு ஒன்று. ஜெரோம் கலோனும் கூட்டாளிகளும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், வெட்டியெடுத்த பெருங்குடல் கட்டிகளின் நடுவிலும் ஓரத்திலும் டி செல்களைத் தனித்தனியே எண்ணினார்கள். பின்னாளில் நிலைபெற்ற முறை இது: மெல்லிய சீவல் ஒன்றில் எல்லா டி செல்களுக்கும் பொதுவான சிடி3 புரதத்துக்கு நிறமேற்றுவது, இன்னொன்றில் கொல்லும் வகை டி செல்களுக்குரிய சிடி8க்கு நிறமேற்றுவது, பிறகு எண்ணுவது. இரண்டு இடம், இரண்டு நிறம், நான்கு எண்கள். இப்படி எண்ணுவதை வைத்து, நோய் திரும்புமா என்பதை வழக்கமான ஸ்டேஜ் கணக்கைவிடச் சிறப்பாகச் சொல்ல முடிந்தது என்று அவர்கள் வாதிட்டபோது நம்பியவர்கள் அதிகமில்லை.

நம்பவைத்தது அடுத்த பன்னிரண்டு ஆண்டு உழைப்பு. அகமதாபாத்தின் குஜராத் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் உட்பட 13 நாடுகளின் 14 மையங்கள் ஒரே முறையில் எண்ணிப் பார்த்தன. 2,681 நோயாளிகளின் முடிவுகள் 2018இல் வெளிவந்தன. முதல் தொகுதியில், டி செல் மதிப்பெண் அதிகமாக இருந்தவர்களில் 8 சதவீதத்தினருக்கும், நடுத்தரமானவர்களில் 19 சதவீதத்தினருக்கும், குறைவானவர்களில் 32 சதவீதத்தினருக்கும் ஐந்தாண்டுக்குள் நோய் திரும்பியிருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்த மதிப்பெண் சொல்வது, அறுவைக்குப் பின் நோய் திரும்பும் வாய்ப்பை. நோயெதிர்ப்பு மருந்து கேட்குமா என்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசும் கட்டுரைகள் நிறைய வருகின்றன. டி செல் நிறைந்த கட்டிக்கு மருந்து கேட்கும் வாய்ப்பு அதிகம் என்பது உண்மை. ஆனால் அதைத் தனியாகத்தான் நிறுவ வேண்டும்.

2015இல் பல ஆய்வுக்குழுக்கள் தங்கள் வகைப்பாடுகளை ஒன்றுசேர்த்துப் பெருங்குடல் புற்றுக்கு நான்கு வகைகளை ஒப்புக்கொண்டன. முதல் வகை, டி செல் நிறைந்தது, 14 சதவீதம். பிழைதிருத்தி பழுதானவற்றில் பெரும்பகுதி இதில் அடக்கம். நான்காம் வகை, நார்ச்செல் மிகுந்தது, 23 சதவீதம். பிழைப்பு விகிதம் குறைவானதும் அதுவே. இந்த நான்காம் வகையில் டிஜிஎஃப்-பீட்டா என்ற வேதிச்செய்தி தாராளமாகச் சுரக்கிறது. முன்பு நினைவில் வைக்கச் சொன்ன மரபணு, இந்தச் செய்தியைப் பெற்றுக்கொள்ளும் புரதத்துக்கானது. புற்றுச்செல்கள் பலவும் அந்தப் புரதத்தை இழந்து செய்திக்குச் செவிடாகிவிடுகின்றன. ஏனெனில் அது ‘வளராதே’ என்று சொல்லும் செய்தி. சுற்றியுள்ள நார்ச்செல்களும் டி செல்களும் செவிடாகவில்லை. நார்ச்செல்லுக்கு அது ‘நாரைப் பெருக்கு’ என்றும், டி செல்லுக்கு ‘நில்’ என்றும் போய்ச் சேருகிறது. பார்சிலோனாவில் எட்வார்ட் பாட்லியேயின் குழு 2018இல் எலிகளில் இந்தச் செய்தியை மருந்தால் அடைத்தபோது டி செல்கள் கட்டிக்குள் நுழைந்தன, அதுவரை கேட்காத நோயெதிர்ப்பு மருந்து கேட்டது. மனிதர்களில் அந்தத் தெளிவான வெற்றி இன்னும் வரவில்லை.

கணையம் கற்றுக்கொடுத்தது

எலியில் நடந்தது மனிதரில் ஏன் நடப்பதில்லை என்பதற்குக் கணையத்தைவிடக் கடுமையான பாடம் இல்லை.

கணையப் புற்று தொட்டால் கல்போல இருக்கும் என்பார்கள் அறுவை மருத்துவர்கள். பருமனில் பெரும்பகுதி நார்த்திசு. ரத்தக் குழாய்கள் நசுங்கிக் கிடக்கும். பிடி-எல்1ஐ அடைக்கும் மருந்து ஒன்றை 2012இல் வெளியான சோதனையில் கணையப் புற்றாளர் 14 பேருக்குக் கொடுத்தார்கள், ஒருவருக்கும் கட்டி சுருங்கவில்லை. பிழைதிருத்தி பழுதானவர்கள் இங்கே நூற்றுக்கு ஒருவர் அளவுக்குத்தான் தேறுவார்கள்.

பார்த்த எவருக்கும் தோன்றும் யோசனை, நாரைக் கரைத்துவிட்டால் மருந்து உள்ளே போகும் என்பது. 2009இல் எலிகளில் அப்படியே செய்தார்கள். நார்ச்செல்களைத் தூண்டும் ஹெட்ஜ்ஹாக் என்ற செய்தித்தொடரை அடைத்ததும் நார் குறைந்தது, ரத்தக் குழாய்கள் பெருகின, கீமோ மருந்து உள்ளே போனது, எலிகள் நீண்ட நாள் வாழ்ந்தன. உற்சாகமாக மனிதர்களிடம் சோதனை தொடங்கியது. 2012இல் அதை நிறுத்த வேண்டியதாயிற்று, ஏனெனில் புதிய மருந்தும் சேர்த்து வாங்கியவர்கள் கீமோ மட்டும் வாங்கியவர்களைவிடச் சீக்கிரம் மோசமானார்கள். 2014இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே எலிகளில் நார்ச்செல்களைக் குறைத்துப் பார்த்தன. கட்டி இன்னும் மூர்க்கமாகப் பரவியது. நார்ச்செல்களில் ஒரு பகுதியினர் புற்றை வளர்த்தாலும், இன்னொரு பகுதியினர் அதைப் பிடித்துவைத்திருந்தார்கள். மொத்தமாக விரட்டியதில் இரண்டும் போயின.

டக்ளஸ் ஃபியரனின் குழு 2013இல் கேம்பிரிட்ஜிலிருந்து வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமான வழியைக் காட்டியது. நார்ச்செல்களில் ஒரு வகை சிஎக்ஸ்சிஎல்12 என்ற வேதிப்பொருளைச் சுரக்கிறது. அது புற்றுச்செல்களின் மேல் படிந்துகொள்கிறது. அது படிந்த இடத்துக்குள் டி செல்கள் நுழைவதில்லை. நாரை அப்படியே விட்டுவிட்டு அந்த வேதிப்பொருளின் வேலையை மட்டும் ஒரு மருந்தால் அடைத்தபோது எலிகளில் டி செல்கள் உள்ளே போயின. விளிம்புக்கட்டியில் டி செல்லை நிறுத்துவது நாரின் கெட்டித்தன்மை மட்டும் அல்ல, நார்ச்செல்கள் சொல்லும் செய்தியும்தான் என்பது இதிலிருந்து கிடைத்தது. ‘விளிம்பு’ என்று ஒரே பெயர் வைத்தாலும் அதற்குள் பல நோய்கள் ஒளிந்திருக்கலாம்.

இரைப்பையும் கல்லீரலும்

இரைப்பைப் புற்றைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனெனில் அங்கே கதை குடலைப் போலவே, ஒரு வேறுபாட்டுடன். 2014இல் அமெரிக்கப் பெருந்திட்டம் ஒன்று இரைப்பைப் புற்றை நான்காகப் பிரித்தது. அதில் குறுந்தொடர் நழுவிய வகை 22 சதவீதம். 9 சதவீதக் கட்டிகளின் செல்களுக்குள் எப்ஸ்டீன்-பார் வைரஸ் குடியிருந்தது. வைரஸ் இருக்கும் இடத்துக்கு டி செல்கள் தாமாகவே வரும். சியோலின் சாம்சங் மருத்துவ மையத்தில் பெம்ப்ரோலிசுமாப் பெற்ற 61 பேரின் முடிவுகள் 2018இல் வந்தன. நழுவல் வகையினர் 7 பேரில் 6 பேருக்கும், வைரஸ் வகையினர் 6 பேரில் 6 பேருக்கும் கேட்டது. ஆறுக்கு ஆறு என்பது தலைப்புச் செய்திக்கு நன்றாக இருக்கும், கணக்குக்குப் போதாது. பின்னால் மற்ற நாடுகளில் பார்த்தபோது வைரஸ் வகையினர் எல்லோருக்கும் அப்படிக் கேட்கவில்லை.

கல்லீரல் தனிக் குணம் உள்ள உறுப்பு. குடலில் செரித்ததில் பெரும்பகுதி ரத்தத்தில் முதலில் வந்து சேருவது அங்கேதான். சோற்றிலும் பருப்பிலும் இருந்து வரும் அந்நியப் புரதத்துக்கெல்லாம் டி செல்கள் பொங்கினால் உடம்பு தாங்காது. எனவே அவற்றை அமைதிப்படுத்துவது கல்லீரலின் அன்றாட வேலை. கல்லீரல் மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்கு எதிர்ப்பை அடக்கும் மருந்து மற்ற உறுப்புகளைவிடக் குறைவாகப் போதுமானதாக இருப்பதும் இதனால்தான். புற்று அங்கே பரவும்போது இதே குணம் எதிராகத் திரும்புகிறது. மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு 2021இல் எலிகளில் காட்டியபடி, கல்லீரலில் படிந்த கட்டிகளில் உள்ள மேக்ரோபேஜ்கள், சுற்றோட்டத்தில் வரும் கொல்லும் டி செல்களைப் பிடித்துச் சாகடிக்கின்றன. அதனால் உடம்பின் வேறு இடத்தில் உள்ள கட்டிக்கும் மருந்து கேட்காமல் போகிறது. கட்டிச்சூழலைப் படிக்க ஓரிடத்துச் சதைத்துண்டு போதாது என்பதற்கு இது நல்ல சான்று.

கல்லீரலிலேயே தோன்றும் புற்றுக்கு, ரத்தக் குழாய் வளர்ச்சியை அடக்கும் பெவாசிசுமாப் மருந்தையும் பிடி-எல்1ஐ அடைக்கும் அட்டிசோலிசுமாப் மருந்தையும் சேர்த்துக் கொடுப்பது 2020இல் பழைய மாத்திரையைத் தோற்கடித்தது. ஓராண்டு முடிவில் 67.2 சதவீதத்தினர் உயிரோடிருந்தனர், மாத்திரை வாங்கியவர்களில் 54.6 சதவீதத்தினர். அந்தக் கோணல் குழாய்களும் கட்டிச்சூழலின் ஒரு பகுதிதான்.

பெட்டிக்குள் அடங்காதவர்கள்

எந்த வகைப்பாட்டையும் நான் எடைபோடுவது, அது சரியாகச் சொன்னவர்களை வைத்து அல்ல, தவறாகச் சொன்னவர்களை வைத்து.

பிழைதிருத்தி பழுதாக இருந்தும் மருந்து கேட்காதவர்கள் இருக்கிறார்கள். 2020இல் வெளிவந்த பெரிய சோதனையில், இவ்வகை முற்றிய குடல் புற்றாளர்களுக்குப் பெம்ப்ரோலிசுமாப் கீமோவைவிட மிக நன்றாக வேலை செய்தது: நோய் வளராமல் இருந்த காலம் 8.2 மாதத்திலிருந்து 16.5 மாதமானது. அதே சோதனையில் மருந்து பெற்றவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு நோய் தொடக்கத்திலேயே வளர்ந்தது. இப்படிக் கேட்காத சிலரைப் பிரான்சில் மறுபடி பரிசோதித்தபோது, பாதிக்கு மேற்பட்டோரின் கட்டியில் பிழைதிருத்திகள் நன்றாகவே இருந்தன. முதலில் செய்த பரிசோதனைதான் தவறு. நான்கு பிழைதிருத்திப் புரதங்களுக்கு நிறமேற்றி, செல்லின் கரு பழுப்பாகிறதா என்று பார்க்கும் அந்தப் பரிசோதனை மருந்தின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. அதைக் கவனமாகச் செய்வதும், சந்தேகம் வந்தால் திரும்பச் செய்வதும் எந்தப் புதுக் கண்டுபிடிப்புக்கும் குறைந்ததில்லை என்பேன்.

எதிர்த்திசையிலும் விதிவிலக்குகள் உண்டு. நெதர்லாந்தில் மிரியம் சலாபியின் குழு, இன்னும் பரவாத பெருங்குடல் கட்டிகளுக்கு அறுவைக்கு முன்பே சில வாரங்கள் நோயெதிர்ப்பு மருந்து கொடுத்துப் பார்த்தது. பிழைதிருத்தி பழுதான 20 பேருக்கும் கேட்டது. அது எதிர்பார்த்ததுதான். பிழைதிருத்தி நன்றாக இருந்த 15 பேரில் 4 பேருக்கும் கேட்டது. முற்றிய நோயில் 18க்குப் பூஜ்யம் என்று பார்த்தோமே, அதே வகையில் இங்கே நான்கு. மரபணுவைப் பார்த்து அந்த நால்வரைப் பிரிக்க முடியவில்லை. கட்டிச்சூழலைப் பார்த்தபோது தெரிந்தது: சிடி8ம் பிடி-1ம் சேர்ந்திருந்த டி செல்கள், மருந்து தொடங்கும் முன்பே அவர்களுடைய கட்டியில் அதிகமாக இருந்தன. அந்த 95 பேரின் மூட்டையைப் பிரிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரத்தை நான் பார்த்ததில்லை. 15 பேர் கொண்ட சிறிய ஆய்வுதான், 2020இல் வெளியானது, குடல் புற்றில் சூழலைப் பார்த்து மருந்து முடிவு செய்யும் வழக்கம் இன்னும் மருத்துவமனைகளின் அன்றாடத்தில் நுழையவில்லை.

இன்னொரு விதிவிலக்கு, எண்ணும் முறையையே கேள்வி கேட்கிறது. செல்கள் தம் புரதத் துண்டுகளை மேற்பரப்பில் காட்ட பி2எம் என்ற புரதம் தேவை. பிழைதிருத்தி பழுதான சில கட்டிகளில் அதுவும் அழிந்துவிடுகிறது. துண்டைக் காட்டாத செல்லை சிடி8 டி செல் அடையாளம் காண முடியாது. எனவே இவர்களுக்கு மருந்து கேட்கவே கூடாது. ஆனால் இந்த நோயாளிகள் பலருக்குக் கேட்டது. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2023இல் காரணத்தைக் கண்டார்கள்: காமா-டெல்டா என்ற, எண்ணிக்கையில் மிகக் குறைந்த, அதிகம் பேசப்படாத டி செல் வகை அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. அவற்றுக்குத் துண்டைப் பார்த்து அடையாளம் காணும் தேவை இல்லை. சிடி8ஐ மட்டும் எண்ணிய பழைய சீவல்களில் அவற்றில் பெரும்பாலானவை கணக்கிலேயே வந்திருக்காது. இப்போது ஒரே சீவலில் நாற்பதுக்கு மேற்பட்ட புரதங்களுக்கு நிறமேற்றிப் பார்க்கும் கருவிகள் வந்திருக்கின்றன, சேமித்து வைத்த பழைய கட்டிகளைப் பல ஆய்வகங்கள் மறுபடி வெளியே எடுத்து எண்ணிக்கொண்டிருக்கின்றன.